இடைவரப்பு

மாதா துணை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மிரியம் அப்பாவுக்கு,

நானும் மிரியமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜெரால்டு அத்தானும் ரோஸ்லின் அக்காவும்கூட அப்படியே. அவர்கள் இருவரும் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கா உள்ளே மிரியத்தை அணைத்தபடி தூங்குகிறார். உங்கள் அண்ணன் ஹாலில், உங்கள் பாயில், குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் போனில் பேசாமல் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். வரிசை மாறாமல் படியுங்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே "விடு ஜாஸ்லின்" என்பீர்கள். இதில் அது முடியாது.

அத்தான் வீட்டில் சுவர் விழுந்தது, எல்லோரும் பத்திரம் என்று நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். சுவர் மட்டுமல்ல. புது வீட்டின் கிழக்குப் பக்கம் முழுவதும், படுக்கையறையும் அதற்கு அடியில் இருந்த மேடும் சேர்ந்து, சரிந்து இறங்கிவிட்டது. ஏன் விழுந்தது என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உங்கள் அண்ணன் உங்களிடம்தான் கேட்கப் போகிறார். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். அதற்கு முன் உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும்.

விழ வைத்தது நான். தெரிந்தே செய்தேன். எப்படிச் செய்வது என்பதை உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

தை முடிந்த கையோடு அத்தான் மனையைத் தூக்க ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். ரோடு போடுகிறவர்கள் போடும்போதெல்லாம் ரோட்டை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், வீடெல்லாம் பள்ளத்துக்குப் போகிறது என்றார். நியாயம்தான். குத்தாலம் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இவர் நம் வேலியோரம் ஜேசிபியை விட்டு, தெற்கு வடக்காக நீளத்துக்கும் தோண்டி, அந்த மண்ணை அப்படியே தன் பக்கம் குவித்தார். வேலியையும் ஒரு ஓரமாகப் பிடுங்கிப் போட்டாயிற்று. நான் போய்க் கேட்டதற்கு, "வடிகாலும்மா இது. மழைத்தண்ணி உன் வீட்டுக்குள்ள வராம இதுலயே ஓடிடும். உனக்காகத்தான் தோண்டுறேன், நீ என்னடான்னா சண்டைக்கு வர்ற" என்று சிரித்தார். உங்கள் வீட்டு வழக்கப்படி மூத்தவருக்கு மேற்கு, இளையவருக்குக் கிழக்கு. இந்த ஊரில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கேதான் வரும். அவர் வாசலில் விழுகிற மழை நம் வாசலில்தான் வந்து நிற்கும். வடிகால் என்றால் அதற்கு ஒரு வாயும் ஒரு முடிவும் வேண்டாமா? இது இரண்டு பக்கமும் அடைத்த பள்ளம்.

அன்று சாயங்காலம் வீடியோவில் உங்களுக்குக் காட்டினேன். நீங்களும் சிரித்தீர்கள். "அட, அண்ணன் கோட்டை கட்டுறாரு" என்றீர்கள்.

அப்போதுதான் நீங்கள் அங்கே வேலையில் சேர்ந்த புதிது. வேல்ஸ் எல்லையோரம், ஆடு மேய்கிற புல்வெளிகளுக்கு நடுவே கிடக்கிற பழைய மண்கோட்டைகளை அளக்கிற வேலை. நாள்தோறும் படம் அனுப்புவீர்கள். தேவாலயத்துக்குப் பின்னால் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு பச்சை மேடு, அதைச் சுற்றிப் பள்ளம், பள்ளத்தில் படுத்திருக்கிற ஆடுகள். மேலேயிருந்து லேசர் விட்டு எடுத்த படத்தில் மரமெல்லாம் மறைந்து மண் மட்டும் தெரியும்; தண்ணீரில் கல் போட்டது போல வளையம் வளையமாக இருக்கும். நானும் புவியியல் படித்தவள்தானே, ஆசையாகக் கேட்பேன். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்தவர்கள், தோற்ற ஊர்க்காரர்களையே மண்வெட்டியோடு இறக்கி, அவர்கள் ஊரிலேயே அவர்களை மிரட்டுவதற்கு மேடு போட வைத்தார்கள் என்றீர்கள். பிறகு அரச குடும்பத்துக்குள்ளேயே பட்டத்துக்குச் சண்டை வந்து, ஒருவன் மேட்டுக்கு எதிரே இன்னொருவன் மேடு போட்டு உட்கார்ந்துகொண்டு, அவனைப் பட்டினி போட்ட கதையையும் சொன்னீர்கள். "அங்கேயும் பங்காளிச் சண்டைதானா?" என்று நான் கேட்க, நாம் இருவரும் எவ்வளவு சிரித்தோம்!

பள்ளத்தைப் பார்த்தாலே எதிரி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் என்றும் சொன்னீர்கள். மண்ணைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு, பள்ளத்தை எதிரியின் பக்கம் விடுவார்களாம். நீங்கள் சொல்லிவிட்டு மறந்திருப்பீர்கள். நான் அன்று ஜன்னல் வழியாக நம் வேலி இருந்த இடத்தைப் பார்த்தேன். மண் அவர் பக்கம். பள்ளம் நம் பக்கம்.

வைகாசியில் கோடை மழை கொட்டியதும் அந்தப் பள்ளம் நிரம்பியது. அதற்கு வேலி இல்லை, ஒரு முள்ளுகூட வெட்டிப் போடவில்லை. நான் இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "நாளைக்கே போட்டுடலாம்" என்றார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அதைப் போனில் கேட்டீர்கள், நான் பார்த்தேன். நான் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் வளர்க்கிற வாத்துக் குஞ்சுகள் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன, மிரியம் அவற்றின் பின்னால் போயிருக்கிறாள். குஞ்சுகளைத் தேடி வந்த பேகம்தான் தண்ணீருக்கு மேலே அவள் கவுனைப் பார்த்தது. புடவையோடு குதித்துத் தூக்கியதும் அவர்தான். நான் ஓடிப் போனபோது குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தாள். பேகம் அவளைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மாயவரம் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தபோது உங்கள் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், சிலுவை போட்டார். பிறகு வெளியே வராந்தாவில், நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "போனைக் கையில வச்சுக்கிட்டு அவன்கிட்ட வீடியோ பேசிக்கிட்டிருந்தா, பிள்ளை எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்? பள்ளத்து மேல பழியைப் போட்டா ஆச்சா?" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் ஊரில் எனக்குப் பெயர் "போன் டீச்சர்". கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் பெண்கள் தங்கள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மறுபடி வேலை கேட்கப் போனேன். தாளாளர் அம்மா தேன் மாதிரிப் பேசினார்: "உங்க குழந்தையைக் கொஞ்சம் பெரிசாக்குங்க மேடம், அப்புறம் மத்தவங்க குழந்தைங்களைப் பார்க்கலாம்." இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? அந்த வாரம் நீங்கள் உங்கள் அண்ணனுக்குப் போன் செய்தீர்கள். ஆரஞ்சுக்கு நன்றி சொன்னீர்கள். பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவரு மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்க மாட்டாரு, விடு" என்றீர்கள். அங்கே தொள்ளாயிரம் வருஷத்துப் பள்ளத்துக்குக் கம்பி வேலி, அனுமதி இல்லாமல் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று பலகை. அந்தப் பலகையின் படத்தை அதே வாரம்தான் எனக்கு அனுப்பியிருந்தீர்கள்.

நான் விடவில்லை.

முதலில் நேர்வழியில்தான் போனேன். தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடந்தபோது, நம் மனையை அளந்து கல் போட்டுத் தரச் சொல்லி மனு கொடுத்தேன். ஆடியில் சர்வேயர் வந்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தால், பள்ளம் முழுவதும் நம் பங்கில் இருக்கிறது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் விட்டிருந்தார்களே, அதுவும் நம்முடையது. மேடு தொடங்குகிற இடத்தில்தான் அவர் பங்கு ஆரம்பிக்கிறது. அதாவது, நம் மண்ணைத் தோண்டித் தன் மனையைத் தூக்கியிருக்கிறார். சர்வேயர் கல் நட்டபோது உங்கள் அண்ணன் தன் உரக்கடையை விட்டு வந்து பார்த்தார். கோபமே இல்லை, கேலிதான். "அண்ணன் தம்பிக்குள்ள கல்லு எதுக்கும்மா? சரி, அந்தப் பள்ளம் உனக்குத்தான்னா நீயே வச்சுக்க. நல்லா அலங்காரம் பண்ணி வச்சுக்க" என்றார். அப்படியானால் எங்கள் மண்ணைத் திருப்பிப் போட்டு மூடிக் கொடுங்கள் என்றேன். "மேல வீடு ஏறிக்கிட்டிருக்கு. வீட்டை இடிச்சு மண்ணு தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சர்வேயருக்கு டீ வாங்கிக் கொடுக்கப் போய்விட்டார்.

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீடு வேகவேகமாக ஏறியது. மாதா பிறந்தநாளன்று மந்திரித்துக் குடிபோக வேண்டும் என்று அத்தான் ஒரே பிடி. கட்டினவர் குத்தாலத்துக் கல்யாணம் மேஸ்திரி. "புது மண்ணு சார், ஒரு ஐப்பசி மழையைக் குடிச்சு அமுங்கட்டும். இல்லேன்னா கிழக்கே தடுப்புச் சுவராவது வைங்க" என்று அவர் கெஞ்சியதை நான் மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். அத்தான் தடுப்புச் சுவரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு முகப்புக்கு டைல்ஸ் வாங்கினார். ஆவணியில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார், ஊருக்கே பிரியாணி. நானும் போய் நின்று ஜெபம் சொன்னேன். அக்கா எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். "எங்க வீட்டுக்காரர் குறட்டைக்குப் பயந்து நான் இந்தக் கிழக்கு ரூமைப் பிடிச்சுக்கிட்டேன், ஜாஸ்லின். ஜன்னலைத் திறந்தா உங்க வீடு தெரியுது பாரு" என்றார்.

அந்த வாரம்தான் நீங்கள் அந்தப் படத்தை வரைந்து அனுப்பினீர்கள். ஒரு மேட்டைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று. புது மேடு கல்லைத் தாங்காது என்பதால் முதலில் மரத்தால்தான் மேலே கட்டினார்கள், மண் இறுகியபிறகுதான் கல் வைத்தார்கள் என்று பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மேட்டின் அடிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு நடை அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் விட்டிருப்பதற்கு அம்புக்குறி போட்டிருந்தீர்கள். நீங்கள் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னீர்கள். நான் இடைவரப்பு என்று வைத்துக்கொண்டேன். "இது இல்லேன்னா மொத்த மேடும் நழுவிப் பள்ளத்துக்குள்ள இறங்கிடும். அடியில போட்ட ஆப்பு மாதிரி இது" என்று குரல் செய்தி வேறு அனுப்பினீர்கள். அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆப்பு நம் பட்டாவில் இருந்தது.

ஜேசிபிக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். அத்தான் அவருக்கு வேலை கொடுக்கிறவர். கண்ணாத்தாளிடம் போனேன். நூறு நாள் வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற கண்ணாத்தாள்தான். பள்ளத்தை அகலமாக்கிச் சரிவாக்கி வாழை வைக்கப் போகிறேன், குழந்தை இனி விழாது என்று சொன்னேன். புரட்டாசி வெயிலில் அவர்கள் அந்த இடைவரப்பை வெட்டினார்கள். மேட்டின் அடிவரைக்கும், செங்குத்தாக. வெட்டிய மண்ணை நம் பக்கம் கரையாகப் போடச் சொன்னேன். கண்ணாத்தாளுக்கு ஒரே சிரிப்பு. "என்ன டீச்சரம்மா, ஜெரால்டு ஐயாவுக்கு அகழி வெட்டுறீங்களா? முதலை எப்ப வருது?" என்றாள். ஒருத்தி, "முதலை எதுக்கு? அதான் டீச்சரே இருக்காங்களே" என்றாள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் மோர் கொடுத்தேன். அத்தான் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "வாழையா? நேந்திரம் வை, எனக்கும் ஒரு தார் கொடு" என்றார். அப்போது யாராவது மேலேயிருந்து படம் எடுத்திருந்தால், மண் நம் பக்கம், பள்ளம் அவர் பக்கம். எதிரி யார் என்று தெரிந்திருக்கும்.

வாழை வைக்கவில்லை. மழைக்காகக் காத்திருந்தேன்.

இந்த வருஷம் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செய்தியில் பார்த்திருப்பீர்கள். சம்பா நட்ட வயலெல்லாம் மூழ்கிக் கிடக்கிறது. நாகப்பட்டினத்தில் அப்பா படகை இறக்கவே இல்லை. கரண்ட் வருகிறது, போகிறது. பள்ளம் நிரம்பி மேட்டின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. தினமும் மாடிப்படியில் நின்று பார்ப்பேன். போன வாரம் அக்கா வந்து, கிழக்கு ரூம் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டிருக்கிறது, புது வீடென்றால் அப்படித்தானாம், உங்கள் அண்ணன் வெள்ளை சிமெண்ட் வைத்துத் தேய்த்துவிட்டார் என்றார். அன்றிலிருந்து, மிரியம் இடிக்குப் பயப்படுகிறாள், நீங்கள் இங்கே வந்து படுங்கள் என்று அக்காவை இரவில் கூப்பிட்டுக்கொண்டேன். மிரியம் இடிக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண் மூடாமல் இருந்தது அந்த மனுஷிதான். வீடு போகட்டும், அக்காவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எனக்குள் ஒரு கணக்கு.

நேற்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேட்டின் விளிம்புக்கு இணையாகத் தரையில் விரல் நுழைகிற மாதிரி வெடிப்பு ஓடியிருந்ததைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. அக்கா கிழக்கு ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. "அக்கா, மிரியம் சாப்பிட மாட்டேங்கிறா, நீங்க வந்து ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போங்க" என்று கத்தினேன். வந்தார். உங்கள் அண்ணன் மேற்கே ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் கூப்பிடவில்லை. ஹால் நிற்கும் என்று நினைத்தேன், அது நின்றது. ஆனால் நிற்காமல் போயிருந்தாலும் நான் கூப்பிட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள். நான் என்னையே இன்னும் கேட்கவில்லை.

டிராக்டரில் செங்கல் கொட்டுகிற சத்தம்தான். அக்கா கையில் இருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டில், பீரோ, ஜன்னல் எல்லாமாகப் பள்ளத்துக்குள் இறங்கிக் கிடக்கிறது. உங்கள் அண்ணன் முன்வாசல் வழியாக லுங்கியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இன்னொரு கையில் டிவி ரிமோட். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டி நீட்டி, "என்னாச்சு? என்னாச்சு?" என்றார். மிரியம் கைதட்டினாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளம் இப்போது இல்லை. மூடிவிட்டது. நம் மண் நம் இடத்துக்கே வந்துவிட்டது.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்? இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் கல்யாணம் மேஸ்திரி குடையோடு ஓடிவந்தார். உங்கள் அண்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சிமெண்டைத் தின்னுட்டியாடா? கம்பியை வித்துட்டியா?" என்று உலுக்கினார். அந்த மனுஷன், "சார், நான் சொன்னேன்ல சார், மழை குடிக்கட்டும்னு சொன்னேன்ல" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. ஊரே அத்தான் பக்கம் சேர்ந்துகொண்டது. எனக்கு வராந்தா ஞாபகம் வந்தது. அதே குரல், அதே கூட்டம். பழி போட ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

உங்கள் அண்ணனுக்குத் தன் வீட்டை நான் விழவைத்தேன் என்பது தோன்றவே இல்லை. வாழைப் பள்ளம் வெட்டிய பெண் அவர் கண்ணிலேயே படவில்லை. "எம்மேல யாருக்கு என்ன பொறாமையோ, மாதா சோதிக்கிறா" என்றார். நேற்று ராத்திரி என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டார். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். மிரியத்தை மடியில் வைத்துக்கொண்டு, முள் எடுத்து ஊட்டினார். அவளும் "பெரியப்பா, பெரியப்பா" என்று தாடையைப் பிடித்து இழுக்கிறாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லவேளை, பிள்ளை அந்தப் பக்கம் வரல. இனிமேலாவது போனைக் கொஞ்சம் கீழ வச்சுட்டுப் பாரும்மா." அக்கா, "பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டினார். என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அங்கேயே சொல்லியிருப்பேன். சொன்னால் என்ன ஆகும்? "பொம்பளை கோபத்துல உளறுது" என்று சிரிப்பார். நான் சொல்வது எதுவும் அவருக்குள் போகாது. நீங்கள் சொன்னால் போகும். உங்களைத்தான் அவர் நம்புகிறார். "கிளாட்சன் வெள்ளைக்காரன் மேட்டையெல்லாம் அளக்கிறவன். அவன் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தான்னா கல்யாணத்தை உள்ள தள்ளிடலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகப் போகிறாராம்.

அவர் போன் இடிபாட்டுக்குள் போய்விட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை என் போனிலிருந்துதான் பேசுவார். விழுந்த இடத்தை உங்களுக்கு வீடியோவில் காட்டுவார். நீங்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இடைவரப்பு எங்கே போனது என்றுதான் முதலில் தேடுவீர்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "மேஸ்திரி வேலைதாண்ணே" என்று சொல்லிவிடாதீர்கள். கல்யாணம் ஒரு பாவமும் அறியாதவர். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன்: நான் தீர்த்த பழியை இன்னொருத்தர் பெயரில் எழுத விடமாட்டேன். ஏன் விழுந்தது என்று தெரியாமலேயே அவர் மறுபடி அதே இடத்தில் கட்டி, அதே ஜன்னலைத் திறந்து எனக்குப் புத்தி சொல்வாரானால், நான் செய்தது எல்லாம் வெறும் மழை செய்ததாகிவிடும்.

"தெரியலண்ணே, நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றும் நழுவாதீர்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மிரியம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கேட்டுவிட்டேன்.

நான் வெட்டியது நம் மண். சட்டம் என்ன சொல்லும் என்று தெரியாது, சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். ரோஸ்லின் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் பயம். அவருடைய கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நேற்று என்னைக் கட்டிக்கொண்டு, "நீ கூப்பிட்டதாலதான் பொழைச்சேன்" என்று அழுதார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவு வந்துவிடும். அவர் என்னை வெறுத்தால் வெறுக்கட்டும். உண்மை தெரிந்து வெறுக்கட்டும்.

அத்தான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கல்யாணத்தையும் வரச் சொல்லியிருக்கிறார், அவர் முன்னாலேயே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். கண்ணாத்தாளும் வேடிக்கை பார்க்க வருவாள். வராந்தாவில் இருந்தவர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். நான் சமையலறை வாசலில் நிற்பேன், பேச மாட்டேன். நீங்கள்தான் பேச வேண்டும். மேடு ஏன் சரிந்தது என்று உங்களோடு வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொல்லுங்கள். இடைவரப்பை வெட்டியது ஜாஸ்லின் என்று சொல்லுங்கள். ஏன் வெட்டினாள் என்று அவர் கேட்பார். அப்போது மிரியம் பெயரைச் சொல்லுங்கள். அண்ணனிடம் அந்தப் பெயரை நீங்கள் இதுவரை ஒரு தடவைகூடக் கோபமாகச் சொன்னதில்லை.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். புல்வெளியில் ஈரத்தில் நிற்கிறவர், காதை மூடிக்கொள்ளுங்கள், சளி பிடித்தால் உங்களுக்குக் குரல் அடைத்துவிடும். மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அண்ணன் முன்னால் தழுதழுக்காத ஒரு குரலை உங்களுக்குக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மிரியத்தை நான் தூங்க வைக்க மாட்டேன். அவளும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
மிரியம் அம்மா
ஜாஸ்லின்